திருமேனிக்கு உறுதி எங்கே?

பழம்பொருட்களின் பூர்வீகம் பற்றிய ஓர் ஆய்வு

காணித் துண்டு ஒன்றை வாங்கப் புறப்படுபவர் முதலில் கேட்பது உறுதியைத்தான். உறுதி கைக்கு வந்தாலும் அவர் அதோடு நின்றுவிட மாட்டார். இதற்கு முந்திய உறுதி எது, அதற்கும் முந்தியது எது, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா, இடையில் ஈடு, வழக்கு ஏதும் உண்டா என்று நொத்தாரிசைக் கொண்டு முப்பது வருடமாவது பின்னோக்கித் தேடுவிப்பார். பத்துப் பேர்ச் காணிக்கு இவ்வளவு விசாரணை நடக்கிறது. ஆனால் எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழமை வாய்ந்த தெய்வத் திருமேனியைக் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய பலர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டவர்களும் ஒற்றைக் கடதாசியோடு திருப்திப்பட்டுவிட்டார்கள். கடந்த அரை நூற்றாண்டில் பல நாட்டு நீதிமன்றங்களிலும் நூதனசாலைகளிலும் வெளிவந்த உண்மை இது.

ஒரு பழம்பொருள் எங்கே, எக்காலத்தில், யாருக்காக உண்டானது. எந்தக் கோயிலில் அல்லது எந்த மண்ணில் இருந்தது. அங்கிருந்து யார் யார் கை வழியாக இன்று வைத்திருப்பவரிடம் வந்து சேர்ந்தது என்ற தொடர் வரலாற்றையே பூர்வீகம் என்பர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் சந்தேகம் எழுவது நியாயமே. ஆனால் தனியார் கையில் உள்ள பழம்பொருள் எல்லாம் களவுப் பொருள் என்பது இதன் கருத்தல்ல. பாட்டியின் அட்டியல், பூட்டன் எழுதிய ஏட்டுச் சுவடி, குடும்பத்தார் பூசித்து வந்த வேல் முதலியன வீடுகளில் இருப்பது இயல்பு. அவற்றுக்கு யாரும் பற்றுச்சீட்டு வைத்திருப்பதில்லை.

கோயில் திருமேனியின் நிலை வேறு. ஆகம முறைப்படி பிரதிஷ்டை செய்யப்பட்ட மூர்த்தி ஒரு பொருளல்ல, உயிருள்ள தெய்வம் என்பது சைவர்களின் நம்பிக்கை. சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. 1925ஆம் ஆண்டு இலண்டன் பிரிவிக் கவுன்சில், கல்கத்தாக் குடும்பமொன்றின் வழக்கில், இந்துக் கோயில் மூர்த்தி சட்டத்தின் கண்ணில் ஓர் 'ஆள்' என்று தீர்த்தது. கோயிலின் சொத்து அந்த மூர்த்திக்கே உரியது. அறங்காவலரும் குருக்களும் அதைப் பராமரிக்கலாமே தவிர, தமது என்று விற்க முடியாது. ஆகவே ஒரு செல்வந்தர் வீட்டில் சோழர் காலத்து உற்சவ மூர்த்தி ஒன்று நிற்குமானால், யார் வாங்கினார் என்பதைவிட, விற்க உரிமை பெற்றிருந்தவர் யார் என்பதே முதலாவது கேள்வி. அதற்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

பத்தூர் நடராசர் வழக்கு

இத்துறையில் எவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு பத்தூர் நடராசர் வழக்காகும். அக்காலத் தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள சிறு கிராமம் பத்தூர். அங்கே விசுவநாத சுவாமிக்கு ஒரு கோயில் இருந்து, காலப்போக்கில் பாழடைந்து, பூசையும் நின்றுபோயிற்று. 1976ஆம் ஆண்டு ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவர் அக்கோயிலுக்கு அண்மையில் மண்ணைத் தோண்டியபோது மண்வெட்டி உலோகத்தில் பட்டது. நடராசரும் வேறு சில செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டன. பகைவர் படையெடுப்புக்கு அஞ்சி முன்னோர் மண்ணில் மறைத்து வைத்தவை அவை என்று கருதப்படுகிறது. கண்டெடுத்தவர் நடராசரைச் சொற்பப் பணத்துக்கு விற்றுவிட்டார். அது ஒரு தரகர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறிக் கடல் கடந்து இலண்டன் சென்றது.

1982ஆம் ஆண்டு கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பம்பர் டிவலப்மென்ட் என்னும் கம்பனி அதை இலண்டன் வணிகர் ஒருவரிடம் வாங்கியது. வணிகர் அதற்கு ஒரு பூர்வீகக் கதையும் கொடுத்திருந்தார். அக்கதை பொய் என்பது பிறகு தெரியவந்தது. வாங்கியவர்கள் திருமேனியைச் சுத்தம் செய்து பராமரிப்பதற்காகப் பிரித்தானிய நூதனசாலைக்கு அனுப்பியிருந்தபோது பொலிசார் அதைக் கைப்பற்றினர். கம்பனி பொலிசார் மீது வழக்குத் தொடுத்தது. இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, பத்தூர்க் கோயில், அக்கோயில் சிவலிங்கம் ஆகிய தரப்புகள் நடராசர் தமக்கே உரியவர் என்று குறுக்கே வந்தன.

இலண்டன் நீதிமன்றத்துக்கு இது புதுமையான சங்கடம். இடிந்த ஒரு கோயில் வழக்காட முடியுமா? ஆங்கிலச் சட்டப்படி முடியாது. ஆனால் இந்தியச் சட்டம் கோயிலை ஓர் ஆளாக ஏற்கிறது. பிற நாட்டுச் சட்டத்துக்கு உரிய மரியாதை கொடுப்பதே முறை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கோயில் சார்பில் அரசு நியமித்த பொறுப்பாளர் ஒருவர் வழக்கை நடத்தினார். பூசையற்று, கூரையற்று, ஆளரவமற்றுக் கிடந்த கோயில் ஒன்று எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் வழக்காடியது என்பதை நினைக்கும்போதே மெய்சிலிர்க்கிறது.

அதைவிட முக்கியமானது, அந்த நடராசர்தான் பத்தூரில் வெளிப்பட்டவர் என்று எப்படி நிரூபித்தார்கள் என்பது. புகைப்படம் இல்லை, பதிவேடு இல்லை. மறைந்த தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவர்கள் சாட்சியம் அளித்தார். அதே குழியிலிருந்து கிடைத்த ஏனைய திருமேனிகளோடு நடராசரின் முகம், அணிகலன், பீடத்தின் அமைப்பு ஆகியன ஒப்பிடப்பட்டன. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடங்களும் கூட ஆராயப்பட்டன. 1988இல் உயர் நீதிமன்றம் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவ்வாண்டே நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடாக் கம்பனி கள்ளத்தனமாக வாங்கியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நல்லெண்ணத்துடனேயே வாங்கியது என்று ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் திருமேனியை இழந்தது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பதே காரணம். 'எனக்குத் தெரியாது, நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்' என்ற பேச்சு வாங்கியவரின் மானத்தைக் காக்கலாம். பொருளைக் காக்காது.

போலியை வணங்கிய கோயில்

பத்தூரில் கோயில் பாழாகியிருந்தது. கும்பகோணத்துக்கு அருகே உள்ள சிவபுரத்தில் அப்படியல்ல. அங்கே கோயிலும் இருந்தது, குருக்களும் இருந்தார், பூசையும் நடந்தது. 1951இல் அவ்வூரில் நிலத்திலிருந்து நடராசர் உட்படச் சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1950களின் நடுப்பகுதியில் அவை செப்பனிடுவதற்காகச் சிற்பி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. திரும்பி வந்தது அதே போலச் செய்யப்பட்ட புதிய நடராசர். உண்மையானவர் விற்கப்பட்டுவிட்டார். ஊர் மக்கள் போலிக்குத் தீபம் காட்டி வந்தார்கள். பல ஆண்டுகளாக ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை.

பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த டக்ளஸ் பரெட் என்ற அறிஞர் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில், சிவபுரம் கோயிலில் இருப்பது நவீனப் பிரதி என்றும், மூலத் திருமேனி பம்பாயில் தனியார் ஒருவரிடம் இருக்கிறது என்றும் எழுதியபோதே விடயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் அது அமெரிக்கா சென்றது. 1973இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த நோர்ட்டன் சைமன் என்ற கோடீசுவரர் 9 இலட்சம் டொலருக்கு வாங்கினார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் சமரசம் ஏற்பட்டு, பத்து ஆண்டுகள் அவரது நூதனசாலையில் வைத்திருந்த பின் 1986இல் நடராசர் தாயகம் திரும்பினார்.

கும்பாபிஷேகத்துக்கு முன் திருமேனிகளை மெருகிடவும் பீடம் ஒட்டவும் வெளியே அனுப்பும் வழக்கம் எல்லாக் கோயில்களிலும் உண்டு. பாலாலயம் செய்து மூர்த்திகளை இடம் மாற்றும் அந்த நாட்களில் கோயில் முழுவதும் சீமெந்தும் மணலும் மேசன்மாருமாக இருக்கும். யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியாது. எத்தனை இறாத்தல் போனது, எத்தனை இறாத்தல் வந்தது என்று நிறுத்துப் பார்க்கும் கோயில்கள் எத்தனை?

கடதாசி சொன்ன கதையும் படம் சொன்ன கதையும்

நூற்றாண்டு மாறியபின் களவுக்கும் கடதாசி வேலை தேவைப்பட்டது. கலாசாரச் சொத்துக்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க யுனெஸ்கோ 1970ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. இந்தியா 1972இல் தொல்பொருட்கள் பற்றித் தனிச் சட்டம் இயற்றியது. அதன்பின் வெளிநாட்டு நூதனசாலைகள், 'இது 1970க்கு முன்பே இந்தியாவை விட்டு வந்ததா?' என்று கேட்கத் தொடங்கின. கேள்வி எப்படியோ, பதிலும் அப்படியே தயாரானது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பிரகதீசுவரர் கோயில் உண்டு. பூசை நின்று பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து நடராசர் முதலிய திருமேனிகள் திருடப்பட்ட செய்தி 2008இல் தெரியவந்தது. அதே 2008இல் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஒரு நடராசரைச் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. சூடான் நாட்டு இராசதந்திரி ஒருவர் டில்லியில் பணியாற்றியபோது, 1971க்கு முன் வாங்கியது என்று அதற்குக் கடதாசி காட்டப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்த இலட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைப் பாதுகாத்து வருகிறார்கள். அவற்றில் 1994ஆம் ஆண்டுப் படமொன்றில் அதே நடராசர் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் நிற்கிறார். 1971க்கு முன் வெளியேறியவர் 1994இல் எப்படிக் கோயிலில் நிற்க முடியும்?

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கதையும் அதுவே. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் வாங்கிய அந்தக் கற்சிற்பத்துக்கு 1970ஆம் ஆண்டு டில்லிக் கடை ஒன்றில் விற்றதாகச் சொல்லும் பற்றுச்சீட்டு இருந்தது. 1974இல் எடுத்த படத்தில் அர்த்தநாரீசுவரர் கோயிற் சுவரில் தம் மாடத்திலேயே இருந்தார். இரண்டு திருமேனிகளும் 2014 செப்டெம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. சுபாஷ் கபூர் 2011இல் ஜேர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியா கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் வேறொரு கோயில் களவு தொடர்பாகப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

பெரிய இடத்து மனிதர், பெரிய பெயர் என்பதெல்லாம் பூர்வீகத்துக்குச் சாட்சியல்ல. நியூயோர்க் முதலீட்டாளர் மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் உலகப் புகழ்பெற்ற சேகரிப்பாளர்; நூதனசாலைகளுக்கு வாரி வழங்கியவர். 2021 டிசெம்பரில் அவர் சுமார் 7 கோடி டொலர் பெறுமதியான 180 பழம்பொருட்களை ஒப்படைத்ததோடு, வாழ்நாளில் இனிப் பழம்பொருள் வாங்குவதில்லை என்றும் உடன்பட நேர்ந்தது.

படம் ஏன் இவ்வளவு வலிமையான சாட்சியாகிறது என்பதை விளங்கிக்கொள்ள வார்ப்பு முறையைச் சிறிது அறிய வேண்டும். தென்னாட்டுச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பில் உண்டாக்கப்படுபவை. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே திருமேனி. எத்தனை திறமையான சிற்பி பிரதி செய்தாலும் விரலின் வளைவு, திருவாசியின் சுடர், பீடத்தின் ஒரு கீறல் எங்கேயாவது மாறியே தீரும். நெருக்கமாக எடுத்த படம் இருந்தால் அதுவே கைரேகை போன்றது.

விஞ்ஞானப் பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதும் தவறு. சுட்ட மண்ணின் வயதை அளக்க முறை உண்டு. ஆனால் தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு. உள்ளே மண் கருவே இல்லை. செம்பு எப்போது உருக்கப்பட்டது என்று செம்பு தானாகச் சொல்லாது. புறத்தோற்றம் ஓரளவு சொல்லும். நீண்டகாலம் மண்ணுக்குள் இருந்ததில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தலைமுறை தலைமுறையாக அபிடேகம் கண்டதில் கண்ணும் மூக்கும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அமிலமும் உப்பும் பூசி ஆறு மாதத்தில் பச்சையை வரவழைப்பவர்களும் உண்டு என்பதால் இதையும் முழுதாக நம்புவதற்கில்லை.

இலங்கையில்

நம் நாட்டில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் பொலன்னறுவைச் சிவாலயச் சூழலில் அகழ்ந்தெடுத்த நடராசர், நாயன்மார் முதலிய திருமேனிகள் கொழும்பு நூதனசாலையில் உள்ளன. சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைப் பற்றி எழுதினார்; ஆனந்த குமாரசுவாமி எழுதினார். எங்கே, எப்போது கிடைத்தன என்பது பதிவானதால் அவை வரலாற்றுக்குப் பயன்பட்டன. 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருமேனிகளோ பின்னர் திருக்கோணேசுவரத்திலேயே வழிபாட்டுக்கு வைக்கப்பட்டன. போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது மண்ணுக்குள் போன மூர்த்திகள் மூன்று நூற்றாண்டு கழித்துத் தம் கோயிலுக்கே எழுந்தருளினர்.

பிரித்தானிய நூதனசாலையில் நிற்கும் பொன் முலாம் பூசிய தாரா தேவியின் நிலை வேறு. ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் பிரௌன்றிக் 1830இல் அதை அங்கே கொடுத்தார். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்தது என்பதே அதன் பூர்வீகக் குறிப்பு. எந்த ஆலயம், எந்த ஊர் என்பதெல்லாம் அந்த 'எங்கோ' என்ற சொல்லுக்குள் மறைந்துவிட்டன. ஆராய்ந்தால் சில தெளிவாவதும் உண்டு. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கைப்பற்றிச் சென்ற லெவ்கே பீரங்கியும் வேறு ஐந்து பொருட்களும் நெதர்லாந்து நூதனசாலையாரின் பூர்வீக ஆய்வுக்குப் பிறகு 2023இல் இலங்கைக்குத் திரும்பின.

சட்டத்தைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, மண்ணுள் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. காணி என்னுடையது, ஆகவே அதில் கிடைத்த விக்கிரகமும் என்னுடையது என்று சொல்ல முடியாது. கண்டெடுத்தவர் அதை அறிவிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டம் ஏற்றுமதியையும் வணிகர்களையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் மாணிக்கக்கல் தேடி மண்ணைக் கிளறுவோர் பலர் இருப்பதால் இச்சட்டம் இங்குள்ளவர்களுக்குத் தூரத்துச் செய்தியல்ல. கல் அகழ அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கும் அக்குழியில் ஒரு செப்புத் திருமேனி அகப்பட்டால் அது கல்லல்ல.

தொல்பொருள் என்று சட்டம் குறிப்பது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றை. கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாள் அது. மலையகத்து மக்களுக்கு இதில் ஒரு விசேடம் உண்டு. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவரப்பட்டதே 1820களில் தொடங்கித்தான். தேயிலை 1867க்குப் பிறகு. எனவே தோட்டத்துக் கோயில்களில் இங்கேயே உண்டாக்கப்பட்ட வெள்ளி வேலும், வார்ப்பு மணியும், வாகனமும், தேரும் எவ்வளவு பழமையானாலும் அந்தத் திகதிக்குப் பிற்பட்டவை. தொல்பொருள் என்ற பெயரால் மட்டும் அவற்றுக்குச் சட்டத்தின் காவல் தானாக வந்து சேராது. அவற்றைக் காப்பது கோயிலின் சொந்தப் பதிவேடுதான்.

ஆனால் சட்டம் பார்ப்பது பொருள் உண்டான காலத்தை. வந்து சேர்ந்த காலத்தையல்ல. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்களும், பின்னாளில் மண்டபம் முகாம் வழியாகத் தலைமன்னாரில் இறங்கியவர்களும் தம் ஊர்த் தெய்வத்தின் பிடிமண்ணையும், சூலத்தையும், சிறு விக்கிரகத்தையும் மூட்டையில் கட்டி வந்தார்கள் என்பது முதியோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அப்படி வந்தவற்றுள் மிகப் பழையது எதுவும் இருக்குமானால் அது தொல்பொருளே.

எழுத்தில் இல்லாத உரிமை என்ன பாடுபடும் என்பதை இம்மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்கோ, பாட்டனும் பூட்டனும் பிறந்த இடத்துக்கோ அத்தாட்சி கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மடிந்தவர்களின் பிள்ளைகள் கடதாசி இல்லாத காரணத்தால் நாடற்றவர்களானார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் புறப்பட்டபோது சிலர் வீட்டு வேலைக் கோயிலில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் அயல் லயத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எது கோயிலுக்குக் கொடுத்தது, எது பார்த்துக்கொள்ளும்படி கொடுத்தது என்று எழுதி வைத்தவர் இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. கந்தோர் மாறும்போதெல்லாம் பழைய கோவைகளும் போன இடம் தெரியவில்லை. இன்று எண்பது வயதைத் தாண்டியவர்களின் ஞாபகமே மிச்சமிருக்கும் ஆவணம்.

அன்பளிப்பாக ஒரு பழைய விக்கிரகம் வந்தால்

கோயிலும் வாங்குபவர்களின் வரிசையில் நிற்க நேரலாம். ஒரு பேச்சுக்கு, கொழும்பில் வசதியாக வாழும் அன்பர் ஒருவர் கும்பாபிஷேகத்தை முன்னிட்டு, 'மிகவும் பழையது, சக்தி வாய்ந்தது' என்று சொல்லி ஒரு செப்பு அம்மனைக் காரில் கொண்டுவந்து இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி வாங்கிக்கொள்வதே வழக்கம். மறுத்தால் மனம் நோகும், அடுத்த திருவிழாவுக்கு உபயம் கிடைக்காது என்ற பயமும் இருக்கும். ஆனாலும் பரிபாலன சபையார் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். எங்கே கிடைத்தது? கடையில் என்றால் எந்தக் கடை, பற்றுச்சீட்டு உண்டா, கடைக்காரருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? வெளிநாட்டிலிருந்து என்றால் சுங்கக் கடதாசி எங்கே? குடும்பச் சொத்து என்றால் அக்குடும்பத்தார் வேறு யாராவது அதை வீட்டில் வைத்துப் பூசித்ததைக் கண்டிருக்கிறார்களா, பழைய கலியாணப் படத்திலாவது பின்னால் தெரிகிறதா? பீடத்தில் எழுத்து உண்டா? பீடத்திலிருந்து பெயர்த்தெடுத்த வெட்டுக்காயம் உண்டா? வளையமும் துவாரமும் இருந்தால் அது எங்கோ ஒரு கோயிலில் வீதியுலா வந்த உற்சவ மூர்த்தி. அந்த ஊர் எது? சர்வதேசப் பொலிசாரின் களவுபோன கலைப்பொருட் பட்டியலை இன்று எவரும் கையடக்கத் தொலைபேசியிலேயே பார்க்கலாம். தொல்பொருள் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் எழுதலாம்.

உண்மையான அன்பர் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான். ஓர் ஊரார் அழுது புலம்பித் தேடும் தாயை இன்னோர் ஊரார் பட்டுடுத்தி வணங்குவது வழிபாடாகுமா என்பதைப் பக்தர்களே சிந்திக்கலாம்.

இங்கு ஆண்டு மலர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. கோயில் வரலாறு எழுதும்போது, 'ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஐம்பொன் விக்கிரகம்' என்று எழுதிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. எழுதியவருக்கு அது பெருமை. படிக்கும் கள்வனுக்கு அது விலாசம். அச்சில் வந்ததால் இருபது வருடம் கழித்து வேறொருவர் அதையே ஆதாரமாகக் காட்டவும் கூடும். நியூயோர்க் வணிகர் காசுக்காகச் செய்த பொய்ப் பூர்வீகத்தை நல்ல மனதோடு நாமே செய்து கொடுத்ததாகிவிடும். 'முதியோர் சொல்லக் கேட்டது' என்றால் அப்படியே எழுத வேண்டும். 'வந்த விதம் தெரியவில்லை' என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். அதில் கோயிலுக்கு ஒரு குறைவும் இல்லை.

பதிவேடு

கட்டிய பேரேடு ஒன்று போதும். ஒற்றைத் தாள்களைக் கோவையில் போடுவது வேண்டாம், தாள் கழன்றுபோகும். முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இலக்கமிட்டு, மொத்தம் எத்தனை பக்கம் என்று முன்னட்டையில் எழுதித் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட வேண்டும். ஒரு திருமேனிக்கு ஒரு பக்கம். பெயர், உலோகம், பீடத்தோடு உயரம், பீடமின்றி உயரம், அகலம், நிறை, எழுத்து இருந்தால் எழுத்துப் பிசகாமல் அதன் பிரதி, பின்னம் அல்லது தேய்வு எங்கே உள்ளது என்பது, யார் கொடுத்தார், எந்த ஆண்டு, சொன்னவர் பெயரும் வயதும் என இத்தனையும் வேண்டும். தவறாக எழுதினால் சுரண்டி அழிக்கக் கூடாது. கோடிட்டுத் திருத்திச் சுருக்கொப்பமிட வேண்டும். திருத்த வேலைக்கு வெளியே போனால் போகும்போதும் வரும்போதும் நிறை பார்த்து, பெற்றுக்கொண்டவரின் ஒப்பத்தோடு அதே பக்கத்தில் பதிய வேண்டும். சபை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய சபையும் புதிய சபையும் சேர்ந்து நின்று பேரேட்டோடு ஒப்பிட்டுச் சாவியைக் கைமாற்றுவது நல்லது. இது பெரும்பாலும் சண்டையையும் தவிர்க்கும்.

புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879இல் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவிலேயே அடங்கியிருக்கிறார். தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளரைப் படமெடுத்தவர் அவர். அன்று ஒரு படத்துக்குக் கண்ணாடித் தட்டும் இருட்டறையும் வேண்டியிருந்தன. இன்று லயத்துக்கு லயம் கமரா பொருத்திய தொலைபேசி இருக்கிறது. ஆனாலும் கோயில்களில் எடுக்கப்படும் படங்களில் மூர்த்தி முழுவதும் மாலைக்கும் பட்டுக்கும் வெள்ளிக் கவசத்துக்கும் உள்ளே மறைந்திருப்பார். பக்திக்கு அந்தப் படம் அழகு. பொலிசுக்கு அதனால் பயனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, அபிடேகத்துக்கு முன் அலங்காரம் களைந்த வேளையில், குருக்களின் அனுமதியோடு, அவர் முன்னிலையில், முன்புறம், பின்புறம், இரு பக்கம், பீடத்தின் அடி, பின்னமான இடம் என ஆறு படமாவது எடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து எடுத்தால் அளவும் தெரியும். மூலஸ்தானத்து மூர்த்தியைப் படமெடுப்பது மரபல்ல என்று குருக்கள் கருதினால் உற்சவ மூர்த்திகளோடு நிறுத்திக்கொண்டு, மூலவருக்கு அளவையும் அடையாளத்தையும் மட்டும் எழுத்தில் பதியலாம்.

பேரேட்டின் ஒரு பிரதியைக் கோயில் அலுமாரியிலும், ஒன்றை வங்கிப் பெட்டகத்திலும், ஒன்றைத் தோட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான ஓர் இடத்திலும் வைப்பது உத்தமம். அலுமாரியோடு சேர்த்துப் பதிவேடும் களவுபோன கோயில்கள் உண்டு.